விற்காத இதழில் கிடைத்த சுதந்திரம்

2001இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் வெளியிட்ட ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ 116ஆம் இதழில் ஒரு புதிய அணி அறிமுகமாகிறது. இதழ் முடிவதற்குள் அந்த அணியில் பாதிக்குமேல் செத்தும் போகிறது. தலைவன் பெயர் ஸைட்கைஸ்ட். அமிலமாக வாந்தியெடுப்பதுதான் அவன் சக்தி. இந்த அணிக்குச் சாகசத்தைவிடத் தொலைக்காட்சிப் புகழும் விளம்பரப் பணமும்தான் பெரிது. ஒரு பாட்டுக் குழுவை மீட்கப்போன இடத்தில் தலைவனோடு சேர்ந்து அணியே சரிகிறது. மிஞ்சுவது மூன்று பேர்: யூ-கோ கேர்ள், அனார்க்கிஸ்ட், எல்லாவற்றையும் படம்பிடித்தபடி மிதந்துகொண்டிருக்கும் டூப் என்கிற பச்சை உருண்டை. இவன்தான் நாயகன் என்று நாம் நம்பிய ஆளை முதல் இதழிலேயே கொன்றுவிட்டு அதற்குப் பிறகுதான் கதையைத் தொடங்குகிறார் எழுத்தாளர். காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை அமைப்பு இந்த இதழுக்கு முத்திரை தர மறுத்தது. முத்திரை இல்லாமலே அது கடைக்கு வந்தது. அதே ஆண்டில் மார்வெல் அந்த அமைப்பையே கைகழுவிவிட்டது.

எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மில்லிகன், வரைந்தவர் மைக் ஆல்ரெட். இதே மில்லிகனிடம் 2005இல் ‘எக்ஸ்-மென்’ இதழையே ஒப்படைத்தது மார்வெல். ரோக், கேம்பிட், எம்மா ஃப்ராஸ்ட் என்று எல்லாரும் அறிந்த முகங்கள். சுமார் ஒன்றரை வருடம் எழுதினார். மோசம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நினைவில் நிற்கவும் எதுவும் இல்லை. பெயரை மறைத்துக் கொடுத்தால், ஸைட்கைஸ்டைக் கொன்ற கைதான் இதையும் எழுதியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்க காமிக்ஸை ஊன்றி வாசிக்கிறவர்கள் நடுவே நெடுங்காலமாக ஓடும் வாதம் இது. புதுமையாக யோசிக்கிற எழுத்தாளர்கள் பெரிய நாயகர்களிடம் போனதும் மழுங்கிவிடுகிறார்களா? ஒரு தரப்பு, காசுக்காக எழுதும்போது இப்படித்தான் ஆகும் என்கிறது. இன்னொரு தரப்பு, சூப்பர்ஹீரோ கதை என்பதே சின்னக் கிண்ணம், அதில் எவ்வளவுதான் கொள்ளும் என்கிறது. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. மில்லிகனே அதற்குச் சாட்சி. 1990இல் அவர் பேட்மேனுக்கு மூன்றே இதழ்களில் ஒரு கதை எழுதினார். ‘டார்க் நைட், டார்க் சிட்டி’ என்று பெயர். அமெரிக்க காமிக்ஸில் பேட்மேனைவிடப் பெரிய நாயகன் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கதையில் மில்லிகனின் கை நடுங்கவே இல்லை.

வழக்கமாக விடுகதை போட்டு விளையாடும் ரிட்லர், அதில் குழந்தைகளைக் கடத்துகிறான். மீட்கப்போகும் இடத்தில் ஒரு கைக்குழந்தையின் தொண்டையில் பிங்பாங் பந்து அடைத்திருக்கிறது. மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. பேட்மேன் கத்தியை எடுத்து அந்தக் குழந்தையின் தொண்டையைக் கீறித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஏன் இப்படியெல்லாம் செய்ய வைக்கிறான் என்பது போகப்போகத்தான் புரியும். நூற்றாண்டுகளுக்கு முன் பாதியில் நின்றுபோன ஒரு பேய்ச் சடங்கின் ஒவ்வொரு படியையும், அது சடங்கு என்றே தெரியாமல், பேட்மேனின் கையால் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான் ரிட்லர். காப்பாற்றும் செயலே பலி கொடுக்கும் செயலாகவும் இருக்கிறது. மூன்றாம் இதழோடு மில்லிகன் கதையை முடித்துவிட்டார். யாருக்கும் அவர் எதையும் விட்டுவைக்க வேண்டியிருக்கவில்லை.

நாயகன் எவ்வளவு பெரியவன் என்பதைவிட, கதை முடிந்தபின் அவனை எந்த நிலையில் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எழுத்தாளருக்கு இடம் கிடைக்கிறது என்பது என் வாதம். ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ ஆட்கள் மில்லிகனே உருவாக்கியவர்கள், எப்போது வேண்டுமானாலும் சாகலாம். ‘எக்ஸ்-ஸ்டாட்டிக்ஸ்’ என்று பெயர் மாறி 2004இல் முடிந்த தொடரின் கடைசி இதழில் மிச்சமிருந்தவர்களையும் அவர் கொன்றே முடித்தார். ‘எக்ஸ்-மென்’ அப்படியல்ல. அதே ஆட்கள் அதே மாதத்தில் இன்னும் பல இதழ்களில் வருகிறார்கள், படங்களில் வருகிறார்கள், பொம்மைக் கடையில் தொங்குகிறார்கள். போதாததற்கு 2005இல் ‘ஹவுஸ் ஆஃப் எம்’ என்ற பெருநிகழ்வு வந்து உலகின் மியூட்டன்ட்களில், அதாவது பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்டவர்களில், பெரும்பாலோரின் சக்தியைப் பறித்தது. நடுவழியில் இருந்த மில்லிகன் தன் கதையை அதற்கேற்ப வளைக்க வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனரைக் கேட்க வேண்டும், சுவரை இடிப்பது எங்கே?

ஓனர் யார் என்பதில் இந்தத் தொழிலுக்கு என்றைக்குமே குழப்பம் இருந்ததில்லை. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகு சூப்பர்மேன் செய்கிற எதுவும் அவர்கள் முடிவு இல்லை. உரிமை கேட்டு வழக்குப் போட்ட இருவரையும் நிறுவனம் 1940களின் கடைசியில் வெளியேற்றியது. 1970களில் ஸ்டீவ் கெர்பர் மார்வெலில் ‘ஹோவர்ட் த டக்’ எழுதினார். கெடு நெருங்கியும் கதை எழுதி முடியாத ஒரு மாதம், கதைக்குப் பதிலாகத் தன் எழுத்துத் தவிப்பைப் பற்றியே ஓர் இதழ் முழுக்கப் படங்களோடு கட்டுரை எழுதி வெளியிட்டவர் அவர். அந்த வாத்து அவருடைய குரலிலேயே பேசியது. ஆனாலும் 1978இல் அவரை நீக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்து வாத்தை ஓட்டியது மார்வெல். கெர்பர் வழக்குத் தொடுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

ஓனர் கவனிக்காத வீடுகளும் உண்டு. என் பார்வையில் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் மிகச் சிறந்த பக்கங்களில் பல அந்த வீடுகளில்தான் எழுதப்பட்டன. ‘ஸ்வாம்ப் திங்’ விற்பனை சரிந்து மூடப்படும் நிலையில் இருந்தபோதுதான் எடிட்டர் லென் வைன் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் இருந்த எழுத்தாளர் ஆலன் மூரைத் தொலைபேசியில் அழைத்தார். மூரின் இரண்டாவது இதழ், 1984இல் வந்த ‘த அனாட்டமி லெசன்’, இன்றைக்கும் எழுத்தாளர்கள் பிரித்துப்போட்டுப் பாடம் படிக்கிற இதழ்.

அதுவரை கதை என்ன? ஆலெக் ஹாலந்து என்ற விஞ்ஞானி வெடிவிபத்தில் எரிந்தபடி சதுப்பு நிலத்தில் விழுந்து, செடிகொடி படர்ந்த பூதமாக எழுந்தான். என்றாவது ஒருநாள் மறுபடி மனிதனாவான் என்ற நம்பிக்கையில்தான் தொடர் ஓடியது. மூர் அந்தப் பூதத்தைச் சுட்டு வீழ்த்தி, உறைநிலையில் வைத்து, ஜேசன் வுட்ரூ என்ற கைதி விஞ்ஞானியிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுகிறார். உள்ளே நுரையீரல் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் அதனால் மூச்சுவிட முடியாது. மூளை மாதிரி ஒன்று இருக்கிறது, அதனால் யோசிக்க முடியாது. உறுப்புகளைப் போலவே வளர்ந்த தாவரப் பண்டம், அவ்வளவுதான். சிக்கலான பாதையில் வழி கற்ற தட்டைப்புழுவை அரைத்து வேறு புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தால் அவையும் வழி கற்றுக்கொள்ளும் என்றொரு பழைய பரிசோதனை வுட்ரூவுக்கு நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து முடிச்சு அவிழ்கிறது. ஆலெக் ஹாலந்து அன்றே செத்துவிட்டான். அவன் உடலைத் தின்ற செடிகள், தாங்கள்தான் ஆலெக் ஹாலந்து என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. திரும்பப்போக மனித உடல் எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை.

பழைய இதழ்களில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறிவிட்டது. விற்பனையில் முதல் வரிசையில் இருந்த ஒரு நாயகனுக்கு இப்படி ஒரு பிரேதப் பரிசோதனையை அன்று எந்த நிறுவனமும் அனுமதித்திருக்காது. அதற்கு நேரடி ஆதாரமே இருக்கிறது. சார்ல்டன் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து, மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி வாங்கிய நாயகர்களை வைத்துத்தான் மூர் முதலில் ‘வாட்ச்மென்’ கதைக்குத் திட்டம் கொடுத்தார். ஆசிரியர் குழுவின் தலைவராக இருந்த டிக் ஜியோர்டானோ, கதை முடியும்போது இவர்களை மறுபடி பயன்படுத்தவே முடியாதே என்றார். புது ஆட்களை உருவாக்கச் சொன்னார். கொஸ்டின் ரோர்ஷாக் ஆனான், கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனான். 1986, 87இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த அந்தக் கதைக்கு இதைவிட நல்ல காரியம் நடந்திருக்க முடியாது.

மூர் மட்டுமல்ல. ஃப்ராங்க் மில்லர் 1981இல் எழுதத் தொடங்கியபோது ‘டேர்டெவில்’ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தது. பீட்டர் டேவிட் 1987இல் ஹல்க்கை எடுத்தபோது அந்த இதழை எழுத யாரும் போட்டி போடவில்லை. ஏற்கெனவே சாம்பல் நிறமாகியிருந்த ஹல்க்குக்கு அவர் கோட்டு சூட்டு மாட்டி, லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியில் அடியாளாக நிறுத்தினார். பதினோரு வருடம் கழித்து, ஹல்க் மறுபடி பழைய முரட்டு ஹல்க் ஆகவேண்டும் என்று மேலிடம் விரும்பியபோது விலகிக்கொண்டார். இதழ் பிழைத்த பிறகுதான் மேலிடத்துக்கு விருப்பங்களே வருகின்றன.

மேலிடமே நொடித்துப்போயிருந்தால் பெரிய வீட்டின் கதவும் திறக்கும். மார்வெல் 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2000இல் ஜோ கெசாடா முதன்மை ஆசிரியரானபோது இழப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மில்லிகனுக்கு ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ கிடைத்ததும், கிராண்ட் மாரிசனுக்கு ‘நியூ எக்ஸ்-மென்’ கிடைத்ததும் அந்த இடைவெளியில்தான். மாரிசன் எடுத்த எடுப்பில் ஜெனோஷா தீவில் 1 கோடியே 60 லட்சம் மியூட்டன்ட்களை அழித்தார். வண்ண உடைகளைக் கழற்றித் தோல் ஜாக்கெட் மாட்டினார். எக்ஸ்-மென் என்பது ரகசியப் படை என்ற நிலையை மாற்றி, உலகம் பார்க்கத் திறந்துவைத்த பள்ளியாக்கினார். எக்ஸ்-மென்னின் பரம எதிரி மாக்னீட்டோவை, இளைஞர்கள் சட்டையில் படமாகக் கொண்டாடும் மனிதனாக்கி, பிறகு அந்தப் படத்தின் அருகில்கூட நிற்க முடியாத போதை அடிமைக் கிழவனாகத் திரும்பக் கொண்டுவந்து, எக்ஸ்-மென் ஆளான உல்வரின் கையால் தலையை வெட்டச் செய்தார். மையத்தில் நின்று, எதையும் மழுங்கவிடாமல் எழுதிய எழுத்து அது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. 2004இல் மாரிசன் கிளம்பினார். அதே ஆண்டு மாக்னீட்டோ உயிரோடு வந்துவிட்டான், செத்தது வேறொருவன் என்று விளக்கம் சொல்லப்பட்டது. உடைகள் திரும்பின. அடுத்த ஆண்டு ‘ஹவுஸ் ஆஃப் எம்’. வளர்ந்துவரும் ஓர் இனமாக மாரிசன் காட்டிய மியூட்டன்ட்கள், விரல்விட்டு எண்ணும் கூட்டமாகச் சுருங்கினார்கள். எழுத்தாளரின் கூர்மை குறைந்ததாக இதைச் சொல்ல முடியுமா? அவர் வெட்டினார், ஆனால் காயத்தை ஆற விடாமல் தையல் போட்டுத் தழும்பே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். 2007இல் ஸ்பைடர்மேனுக்கும் இதே கதிதான். மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு ஓர் ஒப்பந்தம், பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் நடந்த கல்யாணம் நடக்கவே இல்லை என்றானது. ஆறு வருடமாக அந்த இதழை எழுதிவந்த ஸ்ட்ரஸின்ஸ்கி, அந்தக் கதையின் கடைசி இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாக வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொல்லியும் பயனில்லை.

டாம் கிங் கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2015இல் அவர் எழுதிய ‘விஷன்’ பன்னிரண்டே இதழ். ஒரு செயற்கை மனிதன் வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் வீடெடுத்து, தானே உருவாக்கிய மனைவி, இரட்டைப் பிள்ளைகளோடு சாதாரணக் குடும்பமாக வாழ முயல்கிறான். அக்கம்பக்கத்தார் வரவேற்கிறார்கள், ஒரு பொய் பிறக்கிறது, அதை மறைக்க இன்னொரு பொய், பிறகு பிணங்கள். முடிவு எங்கே என்று தெரிந்து எழுதியவரின் நிதானம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அடுத்து அவருக்கு ‘பேட்மேன்’ கிடைத்தது, மாதம் இரண்டு இதழ். நூறு இதழுக்குத் திட்டமிட்டார். 2018இல் 50ஆம் இதழில் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் கல்யாணம் என்று ஊரெல்லாம் விளம்பரம். மணமகள் வரவில்லை. அந்த முடிவையும் இதழ் கடைக்கு வருமுன்பே நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்தது. 85ஆம் இதழோடு அவரை நிறுத்தினார்கள். மிச்சக் கதையை வேறொரு தொடரில் முடிக்க நேர்ந்தது. நல்ல இதழ்கள் அதிலும் இருக்கின்றன. ஆனால் கல்யாணம் நடக்குமா என்ற கேள்விக்கு, கடையில் பேட்மேன் பொம்மை வாங்கும் எவரும் முன்பே பதில் தெரிந்தவர்கள். பதில் தெரிந்த கேள்வியை ஐம்பது இதழ் இழுக்க எந்தத் திறமைசாலியாலும் முடியாது.

நிறுவனத்தை மட்டுமே குற்றம் சொல்வதும் சரியில்லை. ஜானத்தன் ஹிக்மன் 2019இல் மியூட்டன்ட்களுக்கு க்ரகோவா என்ற தீவு நாட்டையும் சாவை வெல்லும் வழியையும் கொடுத்து, மொத்த வரிசையையும் புரட்டிப் போட்டார். மூன்று பாகத் திட்டம் அது. முதல் பாகம் அவ்வளவு பிடித்துப்போனதால் உடன் எழுதியவர்கள் அங்கேயே இன்னும் இருக்கலாம் என்றார்கள். ஹிக்மன் 2021இல் விலகிக்கொண்டார், அவருடைய அடுத்த இரண்டு பாகங்கள் எழுதப்படவே இல்லை. தடை போட்டவர் யாரும் இல்லை, எல்லாருக்கும் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இதனால்தான் பெரிய நாயகர்களைப் பற்றிய மிகத் துணிச்சலான கதைகள் பல அவர்களுடைய நகல்களை வைத்து எழுதப்பட்டன. 1996இல் ஆலன் மூர் ‘சுப்ரீம்’ இதழை எடுத்தார். சூப்பர்மேன் சாயலில் ராப் லீஃபெல்ட் உருவாக்கிய முரட்டு ஆள் அவன். மூரின் முதல் இதழிலேயே சுப்ரீம் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே வசிக்கிற எல்லாருமே சுப்ரீம்கள். கதை திருத்தி எழுதப்படும் ஒவ்வொரு முறையும் பழைய சுப்ரீம் அங்கே வந்து குடியேற வேண்டியதுதான். ஒரு எலி சுப்ரீம்கூட உண்டு. ஓய்வுபெற்ற நாயகர்கள் தெருவில் நின்று புது ஆளைக் கைகுலுக்கி வரவேற்கிறார்கள். நிறுவனங்கள் அழித்து எழுதிய எல்லாவற்றுக்கும் மூர் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது போல இருக்கும் அந்தப் பக்கங்கள். சூப்பர்மேன் மேல் இவ்வளவு பிரியமான கதை ஒன்றை அந்த ஆண்டுகளில் சூப்பர்மேன் இதழிலேயே நான் வாசித்ததில்லை.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சொந்த இழையும் உண்டு. சூப்பர்மேனை எழுதிக் கொடுத்த ஜெர்ரி சீகல், டிசி கைவிட்டபின் 1960களின் நடுவில் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழுக்கு எழுதினார். நம் லயன் காமிக்ஸில் 1980களில் வந்து சக்கைப்போடு போட்ட ‘ஸ்பைடர்’தான் அது. டெட் கோவன் உருவாக்கிய பாத்திரம், சீகலின் கையில் வாராவாரம் மேலும் மேலும் விசித்திரமானான். உலகமே அறிந்த நாயகனைப் படைத்த மனிதருக்குத் தன் கற்பனையை இஷ்டத்துக்கு ஓடவிட இடம் கிடைத்தது, கூர்க்காது வைத்த இந்தத் திமிர் பிடித்த திருடனிடம்தான். பின்னால் 2005இல் மூர் கதைக்கரு கொடுத்து அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ தொடரில் ஸ்பைடரும் இரும்புக்கை மாயாவியும் ஆர்ச்சியும் மறுபடி நடமாடினார்கள். அதைப் படிக்கும்போது சிவகாசி அச்சு வாசனை அடிப்பது நமக்கு மட்டும்தான்.

மையத்திலேயே நின்று, கடைசிவரை தன் வழியில் போய் முடித்தவர் யாருமே இல்லையா? ஆல் யூயிங் இருக்கிறார். ‘இம்மார்ட்டல் ஹல்க்’, 2018 முதல் 2021 வரை ஐம்பது இதழ். முதல் இதழில் ஒரு பெட்ரோல் பங்கில் கொள்ளை நடக்கிறது, அங்கே நிற்கும், ஹல்க்காக மாறும் மனிதனான ப்ரூஸ் பேனர் சுடப்பட்டுச் சாகிறான். பொழுது சாய்கிறது. பிணவறையில் ஹல்க் எழுகிறான். பேனர் செத்தாலும் ஹல்க் சாகமாட்டான் என்ற ஒரே விதியிலிருந்து முழு நீளத் திகில் கதையை இழுக்கிறார் யூயிங். நாயகன் நிரந்தரமாகச் சாக முடியாது என்பது இந்தத் தொழிலின் மிகப் பெரிய பலவீனம். யூயிங் அதையே கதையின் பயமாக மாற்றிவிட்டார். மரணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் கதவு இருக்கிறது, மார்வெலில் செத்துச் செத்துத் திரும்புகிறவர்களில் காமா கதிர் பட்டவர்கள் அதன் வழியாகத்தான் வருகிறார்கள் என்கிறார். 1985இல் பில் மான்ட்லோ எழுதிவைத்த, மகனை அடிக்கும் தகப்பனையும் எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் பின்னால் நிறுத்துகிறார். முன்னோர் எழுதியதில் எதையும் அழிக்கவில்லை. மூர் செய்தது போலவே, அதன் பொருளை மாற்றுகிறார். பின்னால் வருகிறவர்கள் வேண்டுமானால் ஹல்க்கைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம், யூயிங்கின் ஐம்பது இதழ் அதனால் குலையாது.

நிறுவனங்களும் இதை ஓரளவு புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. 2024இல் டிசி தொடங்கிய ‘ஆப்சல்யூட் பேட்மேன்’ தனி உலகில் நடக்கிறது. அதில் ப்ரூஸ் வெய்ன் பணக்காரன் இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறார். எழுதுபவர் ஸ்காட் ஸ்னைடர், மைய ‘பேட்மேன்’ இதழைப் பல ஆண்டு எழுதியவர். அதே ஆண்டு மார்வெலில் ஹிக்மன் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ இதழில் பீட்டர் பார்க்கருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மேரி ஜேனோடு கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலந்தியின் சக்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. மைய இதழில் அந்தக் கல்யாணத்தை மார்வெல் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.